பக்கம் இல்லாத புத்தகம்

மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள். அந்த வீட்டில் அந்த வாரம் மழையும் விடவில்லை, நாத்தனாரின் வாயும் விடவில்லை.

“பக்கம் எங்க?” என்பதுதான் கேள்வி. காலையில் டீ குடிக்கும்போது கேட்டாள். வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது கேட்டாள். சாயங்காலம் நனைந்த குடையோடு வந்து, குடையை மடக்குவதற்கு முன்னாலேயே கேட்டாள். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்களே, ஆளுக்குப் பாதி என்று பிரித்தாவது கேட்கக்கூடாதா? எல்லாம் தம்பி பெண்டாட்டியிடம்தான்.

தம்பி பெண்டாட்டிக்குத் தெருவில் டேப்புக்காரி என்று பெயர். பார்வை இல்லாதவர்களுக்கான ஒலிநூலகத்தில் அவளுக்கு வேலை. ஊரில் உள்ள நல்ல மனசுக்காரர்கள் பல வருஷமாகப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துக் கேசட்டில் பதிந்து கொடுத்திருந்தார்கள். அந்தக் கேசட்டுகளுக்கு வயசாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சல் நீக்கி, நகத்தளவு கார்டில் போட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கத்தான் செய்யும். யானைச் சுமையைப் பூனைச் சுமையாக்கிக் கொடுக்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அவள் புருஷனுக்குத் தெருமுனையில் வண்டி பேட்டரிக் கடை. பேட்டரிக்காரன் என்றால் குழந்தைக்கும் தெரியும். அவனுடைய அக்காதான் நாத்தனார். பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணம் வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டு, தன் சம்பாத்தியத்தில் அந்த வீட்டைக் கட்டியவள். ஆகவே அங்கே கடைசி வார்த்தை அவளுடையது. முதல் வார்த்தையும் பெரும்பாலும் அவளுடையதுதான்.

இப்போது அவள் வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. வருகிற அழைப்புகளைத் தானே எடுத்துத் தானே பேசும் இயந்திரம் ஒன்றை ஆஸ்பத்திரியில் வாங்கிவிட்டார்கள். ஆபரேட்டருக்கு ஒரே ஒரு வழி விட்டார்கள். இலாகாப் பரீட்சையில் தேறினால் ஆவணப் பிரிவில் நாற்காலி உண்டு. தேறாவிட்டால் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுபடி எழுதலாம் என்ற பேச்சே இல்லை. பரீட்சை அடுத்த வாரக் கடைசியில்.

அது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிற பரீட்சை. கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். வேலை விதிகளைச் சொல்லும் அந்த விதிநூல் செங்கல் கனம் இருக்கும். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் என்று சட்டென்று புரட்டத் தெரிந்தவன்தான் நேரத்துக்குள் முடிப்பான். பார்வை உள்ளவர்கள் அச்சுப் புத்தகத்தைக் கொண்டுபோவார்கள். நாத்தனார் தன் ஒலிப்புத்தகத்தைக் கொண்டுபோகலாம், அவள் சொல்வதை எழுத ஓர் ஆளும் கொடுப்பார்கள் என்று அனுமதி வாங்கியாயிற்று.

அந்த ஒலிப்புத்தகம் ஒரு பெட்டி நிறையக் கேசட்டாக அவளிடம் இருந்ததுதான். பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்பது நூலகத்தின் உத்தரவு. டேப்புக்காரிதான் ஒற்றைக்காலில் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டு போய் ஒப்படைத்தாள். பதிலுக்குக் கார்டைக் கொண்டுவந்து நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

“நல்லாத்தாம்மா இருக்கு,” என்றாள் நாத்தனார், முதல் நாள் கேட்டுவிட்டு. “கண்ணாடி மாதிரி இருக்கு. கண்ணாடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, இருந்தாலும் சொல்றேன். ஆனா பக்கம் எங்க?”

“கேசட்டுல மட்டும் பக்கம் இருந்துதா அண்ணி?”

“இருந்துதே.”

“எங்க இருந்துது? நூலகத்து மூலத்துல முதல் கேசட்டுலேருந்து கடைசி கேசட்டு வரைக்கும் நான் உக்காந்து கேட்டேன். ஒரு எடத்துலயும் யாரும் பக்க நம்பர் சொல்லல.”

“சொல்ல மாட்டாங்க. ஆனா இருக்கும்.”

“சொல்லாம எப்படி இருக்கும்?”

“சரிதான். கேசட்டோடயே குடும்பம் நடத்துறவ நீ. உனக்கு நான் பாடம் எடுக்கணுமாக்கும்!” என்று சொல்லிவிட்டு நாத்தனார் எழுந்து போய்விட்டாள்.

அதோடு விட்டாளா? படித்தவர்களைப் பற்றியும் புகார் வந்தது. விதிநூலைப் பல பேர் பங்கு போட்டுப் படித்திருந்தார்கள். ஒருத்தர் பெயரும் நாத்தனாருக்குத் தெரியாது; அவளாகவே பெயர் வைத்திருந்தாள். இருமல்காரர், மூக்கடைப்பு, வேகவண்டி.

“இருமல்காரர் இருமலையே காணோம். அதையும் தொடச்சுட்டியா?”

“ஆமா அண்ணி. கேக்க இடைஞ்சலா இருக்குமேன்னு…”

“பாவம், எத்தனை வருஷமா இருமிட்டு இருந்த மனுஷன். ஒரு வழியா உன் கையால குணமாயிட்டாரு.”

பேட்டரிக்காரன் பாடு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. கடையிலிருந்து வந்தால் ஒரு பக்கம் அக்கா. “தெரிஞ்சே எடுத்துட்டு, தெரியாத மாதிரி கேக்குறாடா உன் பொண்டாட்டி. ஆபீஸ்ல சொல்லியிருப்பாங்க, எடுத்துருப்பா. என்கிட்ட ஒத்துக்கிட்டா என்ன?” என்பாள். உள்ளே போனால் பெண்டாட்டி. “உங்க அக்காவுக்குப் பழசு மேல ஆசை. அதை நேரா சொல்ல மனசு வரல. இல்லாத பக்கத்தைத் தேடுறாங்க” என்பாள். அவன் இரண்டு பேருக்கும் ‘ஆமாம்’ போட்டான். இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மழை கொட்டிய ஒரு விடுமுறை நாளில்தான் விஷயம் உடைந்தது.

டேப்புக்காரி அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் கேசட் போட்டுக் கேட்கும் தன் பழைய கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பார்வையற்றவர்களுக்கென்றே செய்த கனமான பெட்டி. விரலுக்குத் தட்டுப்படும் பெரிய பெரிய பொத்தான்கள். ஆஸ்பத்திரியில் புது இயந்திரத்துக்காகத் தன் மேஜையை ஒழித்துக் கொடுத்தபோது அதை எடுத்து வந்திருந்தாள். உள்ளே விதிநூலின் கேசட் ஒன்று, திருப்பிக் கொடுக்க மறந்துபோனது, கிடந்தது.

“இரு, இன்னிக்கு உனக்குக் காட்டுறேன்,” என்று அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். கேசட் தலைதெறிக்கச் சுற்ற ஆரம்பித்தது.

“ஐயோ அண்ணி! அறுந்துரும்!” டேப்புக்காரி கத்தியோடு எழுந்துவிட்டாள்.

பழைய டேப்பை வேகமாகச் சுற்றக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். கேசட் கைக்கு வந்ததும் ஓட்டின் திருகுகளைக் கழற்றிப் பார்ப்பாள். டேப்பை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு உதிர்ந்திருந்தால் வேறு ஒட்டுவாள். ஸ்பிரிட் தொட்டு, டேப் உரசும் மெஷின் தலையைத் துடைப்பாள். பிறகு, படிக்கிற வேகத்திலேயே ஒருமுறை முழுக்க ஓடவிட்டு, அப்புறம்தான் பதிவுக்கு எடுப்பாள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு இரண்டு மணி நேரம். எத்தனை அவசரம் என்றாலும் அவள் கை அந்த வேகப் பொத்தான் பக்கம் போனதே இல்லை. குழந்தையைத் தலைகீழாகப் பிடிப்பது போல அது அவளுக்கு.

“உஷ்! வாயை மூடிக் கேளு,” என்றாள் நாத்தனார்.

பேச்சு கீச்சுக்கீச்சென்று அணில் சத்தமாக ஓடியது. நடுவே தெளிவாக ஒரு ‘பீப்’. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘பீப்’. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல, ‘பீப் பீப்’. நாத்தனார் உடனே நிறுத்தினாள். மெதுவாக ஓடவிட்டாள். இருமல்காரர் ஒருமுறை இருமிவிட்டு, “அத்தியாயம் ஏழு, விடுப்பு விதிகள்” என்று தொடங்கினார்.

“அண்ணி… அது என்ன சத்தம்?”

“எது?”

“அந்த பீப்.”

“அதுதானே பக்கம்! ஒண்ணு வந்தா பக்கம், ரெண்டா வந்தா அத்தியாயம். படிக்கிறவங்க கைல ஒரு பொத்தான் குடுத்திருப்பாங்களாம். தாளைத் திருப்பும்போது அதை அமுக்குவாங்க. நாங்க எண்ணிக்கிட்டே ஓட்டுவோம். எனக்குத் தொண்ணூத்தி மூணாம் பக்கம் வேணும்னா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். “மூடலைன்னாலும் எடுப்பேன்.”

டேப்புக்காரி சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கி, அந்த இடத்தைச் சாதாரண வேகத்தில் திரும்ப ஓடவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். பீப் இல்லை. தாள் புரளும் சத்தம் மட்டும் இருந்தது. உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். தாள் புரண்ட அந்த நொடியில் ஓர் அதிர்வு லேசாக வந்து போனது. காதுக்கு எட்டாத அடித்தொண்டை முனகல். பலமடங்கு வேகத்தில் சுற்றினால்தான் அது கீச்சென்று மேலே ஏறிப் பீப் ஆகும்.

அந்த முனகலை அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் அடியோரத்தில் ஒரு கோடாகத் தெரியும். வீட்டு மின்சாரம் பதிவுக்குள் புகுந்தால் வருகிற கோடு அது. தொழிலில் யாரைக் கேட்டாலும் ‘கரண்ட் இரைச்சல், எடுத்துப் போடு’ என்பார்கள். அவள் வேலை ஆரம்பித்தபோது முதலில் வந்த பெட்டியில் உண்மையாகவே கரண்ட் இரைச்சல்தான் இருந்தது, விடாமல், ஆரம்பம் முதல் கடைசி வரை. அதை மட்டும் வடிகட்டி எடுக்கக் கம்ப்யூட்டரில் ஒரு சல்லடை தயார் செய்தாள். நன்றாக வேலை செய்தது. அதையே பின்னால் வந்த எல்லாப் பெட்டிக்கும் மொத்தமாகப் போட்டுவிட்டாள். நூலகம் முழுக்க, ஒரு புத்தகம் விடாமல், பக்கங்களைச் சலித்துக் கொட்டியிருந்தாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அதை நான்தான் அழிச்சேன் அண்ணி.”

“தெரியும்.”

“தெரியாம அழிச்சுட்டேன்.”

“அது எனக்குத் தெரியாது,” என்றாள் நாத்தனார். கையை நீட்டித் தடவி, தம்பி பெண்டாட்டியின் தோளைக் கண்டுபிடித்து, அங்கேயே கையை வைத்துக்கொண்டாள்.

பேட்டரிக்காரன் வந்ததும் அவனுக்கும் சொன்னார்கள். அவனுக்கு உடனே ஒரு வழி தோன்றியது. “சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்த பதிவு இருக்கும்ல? அதுலேருந்து திரும்ப எடு.”

“வெக்கலைங்க. டிஸ்க்குல எடம் இல்ல, முடிஞ்சதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அழின்னு ஆபீஸ்ல உத்தரவு. இன்னொரு டிஸ்க்கு குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுது. வரல. அழிச்சேன்.”

“அப்ப கேசட்டு?”

“கேசட்டுல இருக்கு. கேசட்டுல மட்டும்தான் இருக்கு.” என்றாள் அவள். “பின்கட்டு ஸ்டோர்ல அட்டைப்பெட்டி போட்டு ஒட்டி வெச்சிருக்கு. ‘கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று, இனித் தேவையில்லை’ன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். பின்னாடி ரோட்டுல தண்ணி நிக்குது. மழை விட்டதும் லாரி வந்து அள்ளிக்கிட்டுப் போயிரும்.”

மூன்று பேரும் மழையைக் கேட்டார்கள். பல நாளாகத் திட்டித் தீர்த்த மழையை, நிற்காமல் பெய்யேன் என்று அன்று வேண்டிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் டேப்புக்காரி முதல் ஆளாக நூலகத்துக்குப் போனாள். நூலக அதிகாரி பொல்லாதவர் அல்ல. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம், அதுவரை ஒரு தூசியும் கிளம்பக்கூடாது என்று நினைக்கிற மனிதர். அவள் சொன்னதையெல்லாம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏம்மா, வேலை முழுசும் முடிஞ்சுதுன்னு மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. பாராட்டிப் பதில்கூட வந்துச்சு. உன் பேரும் அதுல இருக்கு.”

“முடியல சார். கெட்டுப்போச்சு. கேசட்டை எல்லாம் திரும்ப ஓட்டணும். அந்தக் குறியை எடுத்துக் கார்டுல பக்கமாப் போடணும். போட்டாலும் கேசட்டைத் தூக்கி எறியக்கூடாது. நாளைக்கு இன்னொருத்தி என்னை மாதிரியே வேற எதையாவது இரைச்சல்னு நெனைச்சு எடுத்துட்டா, மூலம் இருக்கணும்ல?”

“எத்தனை வருஷ வேலை அது! யாரு பண்ணுவா?”

“நான்தான். நான் கெடுத்ததை நான் பண்றேன்.”

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

“உங்க நாத்தனாருக்குப் பரீட்சைன்னு சொன்னே. அந்த விதிநூல் பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போ. நான் பார்க்கல. வீட்டுல வெச்சுச் சரி பண்ணிக்கோ. அவங்க பரீட்சை எழுதட்டும், உன் வேலையும் தப்பும். மத்ததை விட்டுரு.”

“மத்த புத்தகம் படிக்கிறவங்க?”

“இதுவரைக்கும் யாரும் கேக்கலையே.”

“கேட்டிருப்பாங்க சார். எங்க அண்ணி கேட்டப்பவே எனக்குப் புரியல. அவங்களுக்கு யாரு இருக்கா கூடவே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்க? நடந்ததை நான் எழுதிக் குடுத்துர்றேன்.”

“எழுதித்தான் குடுப்பேன்னா குடு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ,” என்றார் அவர். “நீ எழுதிக் குடுத்த நிமிஷமே அது விசாரணை ஆயிரும். ஸ்டோருக்குப் பூட்டு. லாரி வராது, சரி. ஆனா ஒரு கேசட்டு வெளிய வராது, உங்க அண்ணியோடதும் வராது. உன்னையும் மெஷினைத் தொட விட மாட்டாங்க. யோசிச்சுட்டு வா.”

அவள் அன்று பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளிப்போய் இறங்கி, தெப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தாள். நடந்தவற்றைச் சொல்லி முடிக்கும்வரை பேட்டரிக்காரன் உட்காரவே இல்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? பெட்டியை எடுத்துட்டு வந்திருக்கணும். இப்பவே போயி எடு. நான் வண்டி எடுத்துட்டு வரேன்.”

“மத்தது?”

“ஊருக்கெல்லாம் நீதான் பொறுப்பா? மொதல்ல நம்ம வீட்டைப் பாரு. அக்கா வேலை போச்சுன்னா, உன் வேலையும் போச்சுன்னா, பேட்டரித் தண்ணியா ஊத்திக் குடிக்க முடியும்?”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு வேதனையாக இருந்தது. தன் தப்புக்குத் தான் விலை கொடுப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். இந்த விலையை நாத்தனார் அல்லவா கொடுக்க வேண்டும்?

நாத்தனார் அதுவரை வாய் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது ஓர் அதிசயம்.

“எனக்கு ஒண்ணு சொல்லு,” என்றாள் கடைசியில். “அந்த ஸ்டோர்ல என்னென்ன புத்தகம் இருக்கு?”

“எல்லாம் இருக்கு அண்ணி. சட்டப் புத்தகம், நர்ஸுங்க படிக்கிறது, கணக்கு, இலக்கணம், தையல், சமையல்…”

“சமையலா? அடப்பாவமே! அடுப்புல எண்ணெயைக் காயவெச்சுட்டு எவளோ ஒருத்தி இந்நேரம் பக்கத்தைத் தேடிட்டு இருப்பா.”

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“சின்ன வயசுல எனக்குப் புத்தகம்னா, யாராவது வந்து படிச்சுக் காட்டுற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கிறதுதான். வருவாங்க, அவங்களுக்குப் பிடிச்ச எடத்தைப் படிப்பாங்க, நேரமாச்சுன்னு போயிருவாங்க. இந்த பீப்பு வந்தப்புறம்தான் நானே தேடி, நானே எடுத்து, எனக்கு வேணுங்கிறதைப் படிச்சேன். அதைப் போயி எனக்கு மட்டும் இருந்தா போதும், மத்தவளுக்கு லாரியில போகட்டும்னு நான் சொல்லணுமா? எழுதிக் குடு.”

“அக்கா, பரீட்சை—”

“பரீட்சைக்கு வேற வழி பார்ப்போம். வாயில்லாப் பூச்சியா நானு?” தம்பி பெண்டாட்டி பக்கம் முகத்தைத் திருப்பினாள். “குருடிக்குக் காது கூர்மை, எப்படியாவது சமாளிச்சுருவான்னு மட்டும் நெனைக்காதே. எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். வழியை நீதான் கண்டுபிடிக்கணும். கெடுத்தவ நீதானே?”

டேப்புக்காரி ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினாள். ‘என் கவனக்குறைவால்’ என்று ஆரம்பித்தாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தாள்.

அதிகாரி சொன்னது சொன்னபடியே நடந்தது. ஸ்டோருக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். மழை விட்டது, வெயிலும் வந்தது, லாரி வரவில்லை. டேப்புக்காரியை மெஷின் அறையிலிருந்து எடுத்து முன்பக்கக் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களுக்குக் கார்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. அன்றைக்கே ஒருத்தர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, “ஏம்மா, இதுல பக்கம் எப்படிப் பாக்குறது?” என்று கேட்டார். “இப்ப இல்லைங்க. வரும். வர வைக்கிறேன்,” என்றாள். எழுதிக் கொடுத்தது சரிதான் என்று அந்தக் கேள்விதான் அவளுக்கு உறுதி சொன்னது.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். நாத்தனாரின் ஆஸ்பத்திரியில் ஒரு குமாஸ்தாவிடம் விதிநூல் அச்சுப் புத்தகமாக இருந்தது. இரவல் வாங்கினாள். தன் பழைய கம்ப்யூட்டரைக் கூடத்து மேஜையில் வைத்தாள். பேட்டரிக்காரனைப் புத்தகத்தோடு ஒரு பக்கம் உட்கார வைத்தாள். நாத்தனாரின் காதில் ஹெட்போனை மாட்டினாள். பேட்டரிக்காரன் ஒரு பக்கத்தின் முதல் வரியைப் படிப்பான். டேப்புக்காரி பதிவைத் தள்ளித் தள்ளி ஓட்டுவாள். அந்த வரி காதில் விழுந்ததும் நாத்தனார் மேஜையைத் தட்டுவாள். அந்த இடத்தில் டேப்புக்காரி குறி வைப்பாள். கார்டை ஓட்டும் கருவியில் ஒரு பொத்தானை அமுக்கினால் குறிக்குக் குறி தாவும். ஒரு பக்கம் ஆயிற்று. அடுத்த பக்கம்.

சொல்ல இரண்டு வரி. செய்வதற்கு இடுப்பு ஒடிந்தது. இருமல்காரர் நிதானமானவர், எவ்வளவு தள்ளினால் அடுத்த பக்கம் வரும் என்று சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. வேகவண்டி அம்மாள் ஒரே மூச்சில் இரண்டு பக்கம் தாண்டிப் போயிருப்பாள், பின்னால் வரவேண்டும். மூக்கடைப்புக்காரர் சில இடங்களில் ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படித்திருந்தார்.

“திருட்டு மூக்கு! இத்தனை வருஷமா எனக்கே தெரியாதே,” என்றாள் நாத்தனார். டேப்புக்காரி அந்த இடங்களைத் தன் குரலில் படித்துச் சேர்த்தாள். மின்சாரம் போனபோது பேட்டரிக்காரன் கடையிலிருந்து இரண்டு லாரி பேட்டரியையும் ஓர் இன்வெர்ட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து இணைத்தான். எரிச்சலோடு ஆரம்பித்தவன்தான், விதிகளைப் படிக்கப் படிக்க அவனுக்கே ருசி தட்டிவிட்டது.

“இந்தக் கூத்தைக் கேளுங்க. விடுப்புல இருக்கும்போது ஒருத்தர் செத்துப்போயிட்டா, அவரு திரும்ப வேலைக்கு வராததுக்கு விளக்கம் கேக்கணுமாம்!”

“யாருகிட்ட கேப்பாங்களாம்?”

“அது அடுத்த பக்கத்துல இருக்கும். தள்ளு.”

பெண்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த வாரம் முழுக்க வேலையிலிருந்து வந்ததும் மேஜை, சாப்பாடு தட்டிலேயே மேஜைக்கு, தூக்கம் வந்து தலை சாய்கிறவரை மேஜை. அப்படியும் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்குள் நுழையும்போது பரீட்சை நாள் வந்துவிட்டது.

“விட்டது விட்டதுதான்,” என்றாள் நாத்தனார், புடவையில் ஊக்குக் குத்திக்கொண்டே. “அதுல கேள்வி வந்தா தேடுவேன். வராட்டி அவங்களுக்கு நல்ல புத்தி.”

பேட்டரிக்காரன் வண்டியில் கொண்டுபோய் விட்டான். டேப்புக்காரிக்குக் கவுண்டரில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்று பேருக்குக் கார்டை மாற்றிக் கொடுத்தாள். கணக்குப் புத்தகம் கேட்டவருக்குத் தையல் போய்விட்டது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு ஓடிவந்தபோது நாத்தனாரும் தம்பியும் அப்போதுதான் வாசலில் இறங்கினார்கள். நாத்தனார் கேட்கிறவர்களைக் காக்க வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். நிதானமாகத் துடைத்தாள்.

“அண்ணி, சொல்லுங்களேன்!”

“குறி வெச்ச பகுதியிலேருந்து வந்ததெல்லாம் எழுதிட்டேன். பொத்தானை அமுக்குறேன், பக்கம் வந்து கைகட்டி நிக்குது. எனக்கு எழுதின பையன் அசந்துட்டான். குறி வெக்காததுல ரெண்டு வந்துச்சு. ஒண்ணைத் தேடிப் பிடிச்சேன். இன்னொண்ணு கிடைக்கிறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க.”

“தேறிடுவீங்கள்ல?”

“தேறுவேன். தேறலைன்னா பரீட்சை வெச்சவங்கதான் வெக்கப்படணும்.”

பேட்டரிக்காரன் பெருமூச்சு விட்டு, மேஜையில் விரித்துக் கிடந்த விதிநூலை மூடி ஓரமாக வைக்கப்போனான். தாள் சத்தம் கேட்டு நாத்தனார் திரும்பினாள்.

“ஏன்டா மூடுறே? மிச்சம் இருக்கே.”

“அக்கா, பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே!”

“எனக்கு முடிஞ்சுது. இந்தக் கார்டு நூலகத்துக்குத்தானே திரும்பிப் போகுது? பூட்டை எப்பத் தொறப்பாங்களோ, இவளை எப்ப மெஷின்கிட்ட விடுவாங்களோ. அதுவரைக்கும் அடுத்து இதை வாங்கிட்டுப் போறவளும் அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுட்டு வரணுமா?”

அவள் நாற்காலியைத் தடவி இழுத்து உட்கார்ந்து ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். டேப்புக்காரிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் வராத அழுகை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

“அழுகையை அப்புறம் வெச்சுக்கோ. குறுக்கே சத்தம் விழுது,” என்றாள் நாத்தனார். “தம்பி, நீ பக்கத்தைச் சொல்லு.”